நெஸ்டர் பிலிப்சுக்கிடம் யாரும் பேசாத சனிக்கிழமை

பெயர் ஆர்விட் லிண்டால். வயது முப்பத்துமூன்று. தகப்பனார் கூனர் லிண்டால், காலமானவர். சஸ்காச்சுவன் மாகாணம், ஹாஸ்கின் ஊர், ரயில்வே தெருவில் ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்து வருகிறேன். திருமணமாகவில்லை. எல்மர் ஹால்பர்ட் என்பவருடைய டிராக்டர் கடையில் மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். குளிர்காலத்தில் ஹாஸ்கின் ஐஸ் ஹாக்கி அணியின் இரண்டாவது கோல்கீப்பராக இருக்கிறேன். 1974ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹாஸ்கின் காவல் நிலையத்தில், கான்ஸ்டபிள் டேரல் விட்காம் கேட்டு எழுதிக்கொள்ள, யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் நான் சொல்வதாவது. மிரட்டல் என்பதைப் பற்றி மட்டும் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது கோல்கீப்பருக்கு என்ன வேலை என்று கான்ஸ்டபிள் கேட்டார். அவருக்கே தெரியும், பதிவுக்காகக் கேட்டார். பெஞ்சின் கோடியில் உட்கார்ந்துகொண்டு, ஆட்கள் பனித்தளத்துக்குப் போகும்போதும் வரும்போதும் கதவைத் திறந்து மூடுவதுதான் என் வேலை. பதினோரு குளிர்காலமாக அதைச் செய்து வருகிறேன். கதவை ஒழுங்காகத் திறப்பவன் என்று எனக்கு நல்ல பெயர் உண்டு.

எங்கள் முதல் கோல்கீப்பர் நெஸ்டர் பிலிப்சுக் இறந்துபோனது சம்பந்தமாக கிளெம் லாரோக் மீது வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யத்தான் இந்த வாக்குமூலம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. கிளெம் அறுபது தாண்டியவர். அணியின் பஸ்ஸை ஓட்டுவதும், ஸ்கேட் கத்திகளைத் தீட்டுவதும், கிழிந்ததைத் தைப்பதும் அவர்தான். காலில் கட்டும் பேடு கிழிந்தாலும் அவர்தான், முகம் கிழிந்தாலும் அவர்தான். அடிபட்டவர் ஆடலாமா கூடாதா என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அவருடையது என்று அணியின் கமிட்டித் தலைவரான ஹால்பர்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். நெஸ்டரின் மனைவி ஸ்டெஃபி கொடுத்த புகாரிலும் கிளெம் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. ஆக, எல்லாத் தவறும் அந்தக் கிழவர் தலையில் வந்து நிற்கிறது. அது நியாயமில்லை என்று சொல்வதற்காகவே வந்தேன். நீங்கள் கூப்பிடாவிட்டாலும் வந்திருப்பேன்.

நெஸ்டரைப் பற்றி முதலிலிருந்து சொல்லும்படி கான்ஸ்டபிள் கேட்டுக்கொண்டார். அவர் ஊருக்கு வடக்கே ஒரு கோதுமைப் பண்ணையில் பிறந்தவர். மூத்தவர்கள் எல்லோரும் அண்ணன்மார். உறைந்த குளத்தில் அவர்கள் ஆடும்போது கடைசிப் பையனுக்கு ஸ்கேட் மிஞ்சவில்லை. ஸ்கேட் இல்லாதவன் ஓடாமல் நிற்கக்கூடிய இடம் கோல் ஒன்றுதான் என்பதால் அங்கே நிறுத்தினார்கள். அதன் பிறகு அவர் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. பதினேழு வயதில் பெரிய இடத்துக்காரர்கள் வந்து பார்த்து, கிழக்கே ஒரு பெரிய கிளப்பின் கீழ்நிலை அணிக்கு அழைத்துப் போனார்கள். அந்தக் காலத்தில் மேல் லீகில் மொத்தமே ஆறு அணிகள். அணிக்கு ஒரு கோல்கீப்பர்தான். அவன் முகம் கிழிந்தால் தைத்து முடிக்கும்வரை ஆட்டத்தை நிறுத்தி வைப்பார்களே தவிர வேறொருவனை இறக்க மாட்டார்கள். முகமூடியும் அப்போது கிடையாது. உலகம் முழுவதற்குமே ஆறு பேருக்குத்தான் அந்த வேலை. நெஸ்டர் ஏழாவது ஆளோ எட்டாவது ஆளோ. யாருக்காவது எலும்பு உடையட்டும் என்று காத்திருப்பதுதான் அவர் பிழைப்பு. இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு ஒரு ஜனவரியில் மேல் அணியின் கோல்கீப்பருக்கு விரல் உடைந்தது, நெஸ்டரைக் கூப்பிட்டார்கள். மான்ட்ரியலில் ஆட்டம். ரயிலில் ஏறியதிலிருந்து எல்லோரும் அவரிடம் அன்பாகப் பேசினார்களாம். பயத்தைப் போக்குவதாக நினைத்துப் பேசினார்களாம். பத்திரிகைக்காரர் பேசினார், முடிதிருத்துபவர் பேசினார், ஓட்டல்காரர் பேசினார். மத்தியானம் ஸ்டெஃபி போன் செய்து, குழந்தை உண்டாகியிருக்கிறது என்று சொன்னார். அன்று மாலை நெஸ்டர் எட்டு கோல் விட்டார். மறுநாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விரல் ஆறியது. மறுபடியும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஸ்டெஃபியின் போனால்தான் அப்படி ஆனது என்று நெஸ்டர் சொல்லி நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. அது யாரும் சொல்லாமலே அந்த வீட்டில் இருந்த பேச்சு. அதன் பிறகுதான் அந்த வழக்கம் வந்தது. ஆட்டத்தன்று காலையில் கண் விழித்ததிலிருந்து ஆட்டம் முடியும்வரை நெஸ்டர் பேச மாட்டார், அவரிடமும் யாரும் பேசக் கூடாது. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்கு வந்ததும் முதல் வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும். அதற்கு அப்புறம்தான் மற்றவர்கள் வாயைத் திறக்கலாம், பீர் பாட்டிலையும் திறக்கலாம். அந்த முதல் வார்த்தை பெரிய தத்துவமாக இருக்காது. "எவன்டா என் சோப்பை எடுத்தவன்?" என்பார். அறை அதிரும்.

அவர் கிழக்கிலிருந்து ஊருக்கே திரும்பி வந்து வெண்ணெய் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து எங்கள் அணிக்கு ஆடத் தொடங்கியபோது ஊரே அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. ஊரிலிருந்து மேல் லீக் வரைக்கும் போய் வந்த ஒரே ஆள் அவர். அவருக்கு நாங்கள் கொடுக்கக்கூடிய மரியாதை வேறு எதுவும் இல்லை. ஆட்டம் உள்ள சனிக்கிழமை சாப்பாட்டுக் கடைக்கு வந்தால் கேட்காமலே தட்டு வரும். பெட்ரோல் பங்க்கில் கேட்காமலே டேங்க் நிறையும். வெளியூர்க்காரன் ஒருவன் அவரிடம் வழி கேட்கப் போக, தெருவில் இருந்த இரண்டு பேர் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினார்கள். பாதிரியார்கூட அன்றைக்குத் தலையை மட்டும்தான் ஆட்டுவார். எனக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. கதவு திறப்பவனிடம் பஸ்ஸில் எல்லோரும் எல்லாம் பேசுவார்கள், கிளட்ச் தேய்ந்தது முதல் எனக்கு யாரும் பெண் தராதது வரை.

இனி நடந்தது. வியாழக்கிழமை பயிற்சியின்போது மர்வ் டிர்க்சன் அடித்த வட்டு நெஸ்டரின் முகமூடியில் இடது காதுக்கு மேலே பட்டது. மர்வ் எங்கள் கேப்டன், பயிற்சியாளரும் அவர்தான். வட்டு கெட்டியான ரப்பர். மர்வ் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. நெஸ்டர் ஒரு முழங்காலில் உட்கார்ந்தார், அதன் பிறகு எழுந்தார். "ஏன்டா நிறுத்திட்ட, இன்னொண்ணு அடி" என்றார். மர்வ் அடித்தார், நெஸ்டர் பிடித்தார். எல்லோரும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நெஸ்டர் கிளெமிடம் போய்த் தலைவலி மாத்திரை கேட்டிருக்கிறார். கிளெம் கொடுத்தார். வெறும் தலைவலிதான் என்று நெஸ்டர் சொன்னாலும் கிளெமுக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் எங்கள் கடைக்கு வந்தார். நான் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால்கள் வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தன. ஹால்பர்ட் மேசையருகே நின்றிருந்தார். அவர்கள் பேசியதை நான் கேட்டபடியே சொல்கிறேன்.

"நெஸ்டருக்குத் தலைவலி விடல. நாளைக்கு ஆர்வ் நிக்கட்டும். நெஸ்டரை சிட்டிக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றார் கிளெம். ஆர்வ் என்றது என்னைத்தான்.

"அரையிறுதியோட கடைசி ஆட்டம், கிளெம். ஆர்வ் நிக்கிறான்னு தெரிஞ்சா நம்ம ஊர்லேர்ந்து ஒரு கார்கூட கிளம்பாது. நாளைக்குக் காலையில நெஸ்டரையே கேட்டுக்கோ. முடியலேன்னு அவன் வாயால சொன்னா நிறுத்திடலாம்" என்றார் ஹால்பர்ட்.

கிளெம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு ஆட்டமாச்சே" என்றார். ஹால்பர்ட் போனை எடுத்து வேறு யாரிடமோ பேச ஆரம்பித்தார். தெரிந்தே சொன்னாரா, மறந்துபோய்ச் சொன்னாரா என்று கான்ஸ்டபிள் கேட்டார். அவர் மனசுக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் அந்த வழக்கத்தை மறக்கக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு கிளெம் அங்கிருந்து நேராக நெஸ்டர் வீட்டுக்குப் போனார். நெஸ்டர் சீக்கிரமே படுத்துவிட்டதாக ஸ்டெஃபி சொல்லியிருக்கிறார். ஆட்டத்துக்கு முன்னால் நன்றாகத் தூங்கட்டும் என்று எழுப்பவில்லை. கிளெமும் எழுப்பச் சொல்லவில்லை. இது கிளெம் என்னிடம் சொன்னது, ஸ்டெஃபியும் மறுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வழக்கம்போல நெஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவருடைய காரில்தான் நானும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போவேன். நான் போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொட்டித் துண்டுக்கு ஒரு பக்கம் வெண்ணெய் தடவி, அதைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் தடவினார். கையெல்லாம் வெண்ணெய். ஸ்டெஃபி அதைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். ஸ்டெஃபி ஒரு துணியை எடுத்து நெஸ்டரின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அதன் பிறகு காரில் கிளம்பினோம், ஓட்டியது நெஸ்டர். தபால் ஆபீஸைத் தாண்டியதும் கார் கொஞ்சம் கொஞ்சமாக எதிர் வண்டிகள் வரும் பக்கமாக ஒதுங்கி நடுக்கோட்டைத் தாண்டியது. எதிரே வண்டி எதுவும் இல்லை. பின்னால் வந்த போலீஸ் கார் விளக்கைப் போட்டு எங்களை நிறுத்தியது. கான்ஸ்டபிள் இறங்கி வந்து, குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். யாரென்று தெரிந்ததும் நிமிர்ந்து, தொப்பியில் கை வைத்து, போகலாம் என்று கையைக் காட்டினார். அந்தக் கான்ஸ்டபிள் இதை இப்போது எழுதிக்கொண்டிருப்பவர். இந்த இடத்தில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இது அவசியமா என்று கேட்டார். கிளெம் பெயர் அவசியமென்றால் இதுவும் அவசியம் என்றேன். எழுதினார்.

பஸ்ஸை கிளெம் ஓட்டினார். எதிரணியின் ஊரான ட்ரெலோனிக்குப் போகும் ரோடு முழுக்கப் பனிக்காற்று, முன்னால் எதுவும் தெரியவில்லை. நெஸ்டருக்கு எதிர்ப்பக்க சீட்டில் நான் இருந்தேன். பாதி வழியில் அவர் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவர் தன் வழக்கத்தை என்னால் மீறிவிடக் கூடாதே என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் திரும்பிக்கொண்டேன். ஜன்னலில் பார்க்க ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. இந்த விஷயத்தில் எனக்குத் தூக்கம் போனது இதனால்தான். வேறு எதையும் விட இதுதான் என்னைத் தின்கிறது.

ட்ரெலோனியில் உடைமாற்றும் அறையில் நெஸ்டர் வலது கால் பேடை முதலில் கட்டினார். அவர் இடதுதான் முதலில் கட்டுவார், எனக்குத் தெரிந்து மாற்றியதில்லை. கிளெம் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். கிளெமின் கை பாதி தூரம் போனது, அப்புறம் சட்டைப் பைக்குள் போய்விட்டது. ஆக, கிளெமும் சும்மா இருந்தார். இல்லை என்று நான் சொல்லவில்லை.

அதன் பிறகு ஆட்டம் நடந்தது. நெஸ்டர் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. கண் எங்கேயோ இருந்தது, கை மட்டும் வட்டு வரும் இடத்தில் இருந்தது. இத்தனை வருஷமாகச் செய்ததைக் கை தானாகச் செய்தது. ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் அவர் தான் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள மட்டையால் இடது கம்பத்தைத் தட்டுவார், அப்புறம் வலது கம்பத்தைத் தட்டுவார். கடைசிப் பகுதியில் இடதைத் தட்டினார், மறுபடியும் இடதையே தட்டினார். இது தன் கண்ணில் பட்டது என்று மர்வ் பின்னால் என்னிடம் சொன்னார். தான் அடித்த வட்டுதான் காரணம் என்று அவர் இப்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பயிற்சியில் அடிப்பது அவர் வேலை, அதில் குற்றமில்லை என்று இதில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். தொடர் முடிந்ததால் இரண்டு அணிகளும் வரிசையாக நின்று கை குலுக்கினோம். ட்ரெலோனி கோல்கீப்பர் நெஸ்டரின் கையைப் பிடித்தார். நெஸ்டர் விடவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். நான் போய்க் கையைப் பிரித்துவிட்டேன். "உங்க ஆளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அந்த ட்ரெலோனிக்காரர் என்னைக் கேட்டார். நாள் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே மனிதர் அவர். "அவன் ஆட்டத்தன்னிக்கு அப்படித்தான், யார்கிட்டயும் பேச மாட்டான்" என்றேன். பெருமையாகச் சொன்னேன்.

அதன் பிறகு உடைமாற்றும் அறைக்கு வந்தோம். நெஸ்டர் மூலையில் தன் இடத்தில் உட்கார்ந்தார். முகமூடியைக் கழற்றவில்லை. நாங்கள் எல்லோரும் எங்கள் இடங்களில் உட்கார்ந்து அவர் முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தோம். கிளெம் பீர் பாட்டிலையும் திறப்பானையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஸ்கேட்டிலிருந்து பனி உருகித் தரையில் சொட்டியது. இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள், இன்றைக்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று. இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பெரிய வார்த்தையாக யோசிக்கிறார் என்று நான் நினைத்தேன். ஸ்டெஃபி பின்னால் காரில் வந்திருந்தார். அவரும் வெளியே கதவருகே சத்தத்துக்காகக் காத்திருந்தார். உள்ளே சத்தம் கேட்டால்தான் அவர் கதவைத் தட்டுவார். இப்படி எல்லோரும் காத்திருந்தோம். அந்த அமைதியில் அவர் செத்துக்கொண்டிருந்தார்.

கிளெம்தான் பாட்டிலைக் கீழே வைத்தார். போய் நெஸ்டர் முன்னால் மண்டியிட்டு, "நெஸ்டர். என்னைப் பாரு தம்பி" என்றார். சிலர் கிளெமை முறைத்தார்கள், நானும் முறைத்தேன். கிளெம் முகமூடியை எடுத்தார். கண்கள் திறந்திருந்தன, ஒரு கண்மணி மட்டும் பெரிதாக இருந்தது. நாள் முழுவதும் அவரிடம் முதலில் பேசியது யார் என்று யாராவது கேட்டால் கிளெம் லாரோக் என்றுதான் பதில் சொல்ல முடியும். இதைக் கோடு போட்டு எழுதச் சொன்னேன். வாக்குமூலத்தில் கோடு போடும் வழக்கமில்லை என்று கான்ஸ்டபிள் சொன்னார்.

ஆம்புலன்ஸ் நகரத்தை எட்டுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. வியாழக்கிழமை பட்ட அடியில் தலைக்குள் மெல்ல மெல்ல ரத்தம் கசிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சனிக்கிழமை பகலில் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்க வழி இருந்தது என்றும், அவரிடம் நாலு வார்த்தை பேசிப் பார்த்திருந்தால் பேச்சு குழறுவது யாருக்கும் தெரிந்திருக்கும் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் ஸ்டெஃபி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு ஒரு நாள் ஹால்பர்ட் கடையில் என்னிடம் வந்து, அந்த வெள்ளிக்கிழமை நான் எங்கே இருந்தேன் என்று விசாரித்தார். டிராக்டருக்கு அடியில் என்றேன்.

"அடியில இருந்தா சரியாக் கேட்டிருக்காது" என்றார்.

"நான் நின்னா ஒரு கார்கூட கிளம்பாதுன்னு சொன்னது நல்லாவே கேட்டுச்சு" என்றேன்.

அதற்கு அவர், வசந்த காலத்தில் கடையில் ஆள் குறைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதை மிரட்டல் என்று எழுதுவதா வேண்டாமா என்பதைக் கான்ஸ்டபிளே முடிவு செய்துகொள்ளட்டும்.

இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம் தள்ளிப்போய், சென்ற சனிக்கிழமை நடந்தது. கோலில் நான். காலையில் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கேட்காமலே தட்டு வந்தது. பரிமாறிய அம்மா என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். முதலில் எனக்கு விளங்கவில்லை. அதன் பிறகு பஸ்ஸில் ஏறினேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சு நான் ஏறியதும் நின்றது. பதினோரு வருஷமாக என்னைக் கேலி செய்தவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அது எனக்கான மரியாதை. அவ்வளவு காலமும் நான் ஆசைப்பட்டது அதற்குத்தான் என்பதையும் மறைக்கவில்லை. உட்கார்ந்தேன். யாராவது ஏதாவது பேசுங்களேன் என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. நெஸ்டர் என் பக்கம் திரும்பியபோது அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

பஸ் கிளம்பும் நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். ஓட்ட வந்திருந்த புது ஆள் திறந்தார். கிளெமை கமிட்டி விலக்கி வைத்திருந்தது. ஸ்டெஃபி ஏறி வந்தார். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக என் சீட்டுக்கு வந்து நின்றார்.

"ஆர்வ், காலையில என்ன சாப்பிட்ட?"

"முட்டை" என்றேன்.

"தலை வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. என்னைப் பாத்துச் சொல்லு."

அவரைப் பார்த்து, வலிக்கவில்லை என்றேன். அதன் பிறகு ஸ்டெஃபி என் பக்கத்தில் உட்கார்ந்தார். போகும் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். வீட்டுப் பாதையில் பனி தள்ளியது, மகளுக்குப் பல் வலி, எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று எல்லாம். மெதுவாக மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள். மர்வ்கூட ஒரு வார்த்தை பேசினார். இடையில் ஸ்டெஃபி குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் சொன்னார்: "கிளெம் பேரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். யாராவது ஒருத்தர் பேரை எழுதலேன்னா என் பேரை நானே எழுதியிருப்பேன், ஆர்வ்." புகாரைத் திரும்பப் பெறுவாரா என்று நான் கேட்கவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

ஆட்டத்தில் தோற்றோம். ஐந்து கோல் விட்டேன். உடைமாற்றும் அறைக்குள் நான் நுழையும் முன்பே எல்லோரும் என்னைத் திட்ட ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பேசாமல் இருந்தது குற்றம் என்றால் என் பெயரை எழுதுங்கள், மர்வ் பெயரை எழுதுங்கள், ஹால்பர்ட் பெயரை எழுதுங்கள், சாப்பாட்டுக் கடை, பெட்ரோல் பங்க், தேவாலயம் எல்லாவற்றையும் எழுதுங்கள். காரை நிறுத்தியவர் பெயரையும் எழுதுங்கள். அதில் கிளெம் பெயர் கடைசியாக வரட்டும், ஏனென்றால் வாயைத் திறந்தவர் அவர் ஒருவர்தான்.

மேலே எழுதியிருப்பதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். வாசிக்கும்போது இரண்டு இடங்களில் கான்ஸ்டபிளின் குரல் நின்றது, நான் காத்திருந்தேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. எனக்குத் தெரிந்தவரை இவ்வளவும் உண்மை.

(கையொப்பம்) ஆர்விட் லிண்டால்

என் முன்னிலையில் கையொப்பமிட்டார். சாட்சி கேட்டுக்கொண்டதன் பேரில் ஒன்றைச் சேர்க்கிறேன். மேற்படி சனிக்கிழமை காலை நடுக்கோட்டைத் தாண்டிப் போன காரை நிறுத்தியது நான்தான். காரை ஓட்டியவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டிப் போகச் சொன்னேன். அன்று ஆட்டம் இருப்பது எனக்குத் தெரியும்.

(கையொப்பம்) டேரல் விட்காம், கான்ஸ்டபிள்